487 மடங்கில் வியாழன் ஏன் கலங்கித் தெரிகிறது? தொலைநோக்கிக் கணக்குகள் பற்றி ஒரு சந்தேகம்

முதல்பார்வை | வெள்ளி, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். நாலு மாதமாக ஒரு தொலைநோக்கி வைத்திருக்கிறேன். நியூட்டன் வகை, ஆடியின் விட்டம் 130 மி.மீ., குவியத் தூரம் 650 மி.மீ. கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) வந்தன. குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் என்று படித்தேன். 650 ÷ 25 = 26 மடங்கு, 650 ÷ 10 = 65 மடங்கு. இதுவரை புரிகிறது.

65 மடங்கில் வியாழன் பொட்டுப் போலத்தான் தெரிந்தது. இரண்டு பட்டைகளும் நாலு நிலவுகளும் இருந்தன, ஆனால் ரொம்பச் சின்னது. பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு 4 மி.மீ. ஐபீஸும் உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ வில்லையும் வாங்கினேன். 650 ÷ 4 = 162.5, அதை 3-ஆல் பெருக்கினால் 487.5 மடங்கு. நேற்று இரவு போட்டுப் பார்த்தேன். மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு உருண்டை, பட்டையே இல்லை. ஃபோகஸ் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூர்மை வரவில்லை. அரை நிமிடத்துக்குள் பார்வையை விட்டு ஓடியும் போகிறது. ஆடியில் குறையா, நான் கணக்கைத் தப்பாகப் போட்டேனா?

ஆடிதேய்ப்பவர் | சனி, காலை 6.05

உங்கள் கணக்கு சரி. ஆடியும் நன்றாகத்தான் இருக்கிறது, 65 மடங்கில் இரண்டு பட்டைகள் தெரிந்ததே அதற்குச் சாட்சி. உருப்பெருக்கத்தோடு கணக்கை நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். இன்னும் ஒரு வகுத்தல் பாக்கி இருக்கிறது. என்னைக் கேட்டால் எல்லாக் கணக்கிலும் முக்கியமானது அதுதான்.

ஆடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுங்கள். ஐபீஸிலிருந்து உங்கள் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 25 மி.மீ. ஐபீஸில் 130 ÷ 26 = 5 மி.மீ. 10 மி.மீ. ஐபீஸில் 2 மி.மீ. நேற்று நீங்கள் பார்த்ததில் 130 ÷ 487.5 = 0.27 மி.மீ. ஊசித்துளை வழியாகப் பார்ப்பது போல. 65 மடங்கிலிருந்து 487-க்குப் போனபோது படம் ஏழரை மடங்கு அகன்றது. அதே ஒளி ஏழரையின் வர்க்கம், அதாவது 56 மடங்கு பரப்பில் பரவியது. வியாழன் அழுக்காகத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஒளியின் இயல்பு. எந்த ஆடியும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் காட்டாது, சின்ன வட்டாகத்தான் காட்டும். விட்டம் பெரிதாக ஆக அந்த வட்டு சிறுக்கும். நெருங்கி நிற்கும் இரண்டு விண்மீன்களைப் பிரித்துப் பார்க்கும் எல்லையை வில்லியம் டாஸ் அனுபவத்தில் கண்டு 1867-இல் வெளியிட்டார். 116-ஐ மி.மீ. கணக்கிலான விட்டத்தால் வகுத்தால் விகலையில் விடை வரும். உங்கள் ஆடிக்கு 116 ÷ 130 = 0.89 விகலை. அளவு தெரியாதவர்களுக்கு: ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழு நிலா சுமார் அரைப் பாகை, 31 கலை.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். உருப்பெருக்கத்தை ஆடியின் மி.மீ. எண்ணுக்குச் சமமாக வைத்தால், உங்களுக்கு 130 மடங்கு என்றால், அந்த 0.89 விகலை கண்ணுக்கு 116 விகலையாகத் தெரியும். கிட்டத்தட்ட 2 கலை. கூர்மையான மனிதக் கண் பிரிப்பது 1 கலை, சிரமமில்லாமல் பிரிப்பது 2 கலை. ஆக, கற்றை 1 மி.மீ. ஆகும்போதே ஆடியிடம் இருக்கும் விவரம் எல்லாம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. எந்த விட்டமாக இருந்தாலும் இதுதான் கணக்கு, ஏனென்றால் 116 ÷ விட்டம் × விட்டம் எப்போதும் 116 தானே. அதற்கு மேல் பெருக்கினால் மங்கல்தான் பெருகும். விட்டத்தைப் போல 2 மடங்குதான் உச்சவரம்பு என்று சொல்வார்கள். அது கற்றை அரை மி.மீ. ஆகும் இடம். உங்களுக்கு 260. நீங்கள் போனது 487.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பகலில் தொலைநோக்கியை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்புங்கள். சூரியன் இருக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையாக இருக்கட்டும், இதில் கவனக்குறைவே கூடாது, ஒரு கணம் சூரியன் உள்ளே வந்தாலும் பார்வை போய்விடும். ஐபீஸிலிருந்து ஒரு முழம் பின்னால் வந்து பாருங்கள். கண்ணாடிக்குச் சற்று வெளியே ஒரு வெளிச்ச வட்டம் மிதப்பது போல் இருக்கும். அதுதான் அந்தக் கற்றை. ஒரு அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து அளந்து பாருங்கள்.

இரட்டைவிண்மீன் | சனி, காலை 9.40

ஆடிதேய்ப்பவர் ஐயா சொன்னது கோள்களுக்கு முழுக்கச் சரி. இரட்டை விண்மீன்களுக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு கேட்கிறேன். விண்மீன் பிரகாசமான புள்ளி, ஒளி பரவினாலும் தாங்கும். வானம் அசையாமல் இருக்கும் இரவுகளில் 130 மி.மீ. ஆடியில் 300 மடங்கு வரை போய் நெருக்கமான ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். புதிய விவரம் வரவில்லை, ஆனால் இரண்டு வட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு இடைவெளியை நிதானமாகப் பார்க்க முடிந்தது. அவ்வளவு மெல்லிய கற்றையில் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் தூசிகளும் நூல்களும் தெரியத் தொடங்கும். அதைத் தொலைநோக்கியின் அழுக்கு என்று நினைத்து ஆடியைத் துடைக்கப் போய்விடாதீர்கள்.

முதல்பார்வை | சனி, மாலை 5.15

ஐயா, அளந்துவிட்டேன்! 25 மி.மீ. ஐபீஸில் வட்டம் 5 மி.மீ. கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே இருந்தது. 10 மி.மீ. ஐபீஸில் 2. அந்த வட்டத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டும் இருந்தது, மூன்று மெல்லிய கால்களோடு. முதலில் பூச்சியோ என்று பார்த்தேன். அப்புறம் புரிந்தது, குழாயின் வாயில் இருக்கும் சின்ன ஆடியும் அதைத் தாங்கும் கம்பிகளும்தான். 4 மி.மீ. ஐபீஸும் பார்லோவும் போட்டபோது வட்டத்தைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு, அளவுகோலின் ஒரு கோட்டுத் தடிமனுக்குள் அடங்கிவிட்டது. எண்ணாகப் படித்தபோது புரியாதது அந்த இடத்தில் புரிந்தது.

இரண்டு கேள்வி. 65 மடங்கு என்றால் வியாழன் பெரிதாகத் தெரிய வேண்டாமா, ஏன் பொட்டு மாதிரி இருக்கிறது? அப்புறம், ஒரு ஐபீஸ் வானத்தில் எவ்வளவு இடத்தைக் காட்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

வடமீன் | சனி, இரவு 7.50

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி. வியாழன் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வட்டு சுமார் 30 முதல் 50 விகலை வரை இருக்கும். 45 என்று வைத்துக்கொள். 45 × 65 = 2925 விகலை, 60-ஆல் வகுத்தால் சுமார் 49 கலை. வெறுங்கண்ணுக்கு நிலா 31 கலை. ஆக, உன் ஐபீஸில் வியாழன் நிலாவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத்தான் இருந்தது. நிலாவின் அளவுக்குத் தெரிய 40 மடங்கே போதும்.

நம்ப முடியாது, எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. சுற்றிலும் கறுப்பு, ஒப்பிட எதுவும் இல்லை என்பதால் மனம் அதைச் சின்னதாக எடுத்துக்கொள்கிறது. நிலாவும் வியாழனும் பக்கத்தில் இருக்கும் ஒரு நாளில் ஒரு கண்ணை ஐபீஸிலும் மற்றக் கண்ணை நிலாவிலும் வைத்துப் பார். இரண்டு வட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்காரும். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கில். அளவு பெரிதாவதைவிட, பார்த்துக்கொண்டே இருப்பதுதான் விவரத்தைக் கொடுக்கும். ஒரே ஐபீஸில் இருபது நிமிடம் உட்கார்ந்து பார். பட்டையின் ஓரம் நேர்க்கோடு இல்லை என்பது பத்தாவது நிமிடத்துக்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்கும்.

நொடிமுள் | சனி, இரவு 10.30

இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்தது. ஏட்டுக் கணக்கு எளிது: ஐபீஸின் தோற்றப் புலத்தை, அதாவது உள்ளே பார்க்கும்போது தெரியும் வட்டம் எத்தனை பாகை அகலம் என்பதை, உருப்பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 50 பாகை ஐபீஸ், 26 மடங்கு என்றால் 1.9 பாகை. கிட்டத்தட்ட நாலு முழு நிலாவை வரிசையாக அடுக்கலாம்.

ஆனால் அந்த 50 என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஐபீஸின் உடம்பில் அச்சிட்டிருப்பது. அதை நான் நம்புவதில்லை, நீங்களும் அளக்காமல் நம்ப வேண்டாம். வானமே ஒரு கடிகாரம், அதை வைத்து அளக்கலாம்.

பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி. அதனால் வான நடுவரையில் (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) இருக்கும் விண்மீன் ஒரு நொடிக்கு 15.04 விகலை நகரும். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று நினைவில் வைத்தால் போதும். விண்மீனைப் பின்தொடர மோட்டார் இருந்தால் நிறுத்துங்கள். ஓரையனின் இடுப்புப் பட்டையில் மூன்று விண்மீன் இருக்கிறதல்லவா, அதில் மேற்கோரம் இருப்பது மின்டாகா. வான நடுவரையிலிருந்து அது கால் பாகைக்குச் சற்று மேல்தான் விலகியிருக்கிறது, இந்த வேலைக்கென்றே வைத்தது போல. அதைப் பார்வை வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே, கிழக்குப் பக்கம் விட்டுவிட்டுக் கையை எடுங்கள். ஓரத்தில் எட்டிப் பார்த்ததும் நேரத்தைத் தொடங்கி, எதிர் ஓரத்தில் மறைந்ததும் நிறுத்துங்கள்.

அது நட்டநடுவே கடக்க வேண்டும். மேலேயோ கீழேயோ விலகினால் நேரம் குறைந்துவிடும். மையத்திலிருந்து அரைவிட்டத்தின் கால் பங்கு தள்ளிப் போனால் 3 சதவீதம் குறையும். அதனால் ஐந்தாறு முறை எடுத்து, அதில் நீண்ட நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள், இங்கே தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும்.

என்னிடமும் 130/650 தான் இருக்கிறது. என் 10 மி.மீ. ஐபீஸில் 60 பாகை என்று எழுதியிருந்தது. அப்படியானால் 60 ÷ 65 = 0.92 பாகை, 3 நிமிடம் 41 நொடி வர வேண்டும். வந்தது 3 நிமிடம் 12 நொடி. 192 × 15.04 = 2888 விகலை, அதாவது 48 கலை, 0.80 பாகை. 65-ஆல் பெருக்கினால் 52 பாகைதான். ஐபீஸின் உறுப்புகளைப் பிரிக்காமலேயே கீழிருந்து பார்த்தால் உள்ளே ஒரு கறுப்பு வளையம் தெரியும், பார்வையின் விளிம்பைத் தீர்மானிப்பது அதுதான். அதன் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்தேன், 9.1 மி.மீ. அதை 650-ஆல் வகுத்து 57.3-ஆல் (ஒரு ரேடியனில் உள்ள பாகைகள்) பெருக்கினால் மறுபடியும் 0.80 பாகை. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

வடமீன் | ஞாயிறு, இரவு 9.05

நொடிமுள், நானும் இன்று முயன்றேன், எங்கோ பிசகுகிறது. எனக்கு ஓரையன் இப்போது மரத்துக்குப் பின்னால். அதனால் சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரை வைத்து எடுத்தேன். உங்களிடம் இருப்பது போலவே 130/650, அதே 10 மி.மீ. ஐபீஸ். 5 நிமிடம் 38 நொடி வந்தது. கணக்குப் போட்டால் 85 கலை. முக்கால் பங்கு கூடுதலாக வருகிறதே?

நொடிமுள் | ஞாயிறு, இரவு 9.30

உங்கள் நேரம் சரிதான் அக்கா, நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டது என் தவறு. வானம் துருவத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது. துருவத்தை நெருங்க நெருங்க விண்மீன் சிறிய வட்டத்தில் போவதால் மெதுவாக நகரும். துருவ நட்சத்திரத்தை வைத்து நேரம் எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே விண்மீனின் டெக்ளினேஷன், அதாவது வான நடுவரையிலிருந்து அது எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பதன் கோசைனால் விடையைப் பெருக்க வேண்டும்.

வசிஷ்டருக்கு வடக்கே 55 பாகை. கோசைன் 55 சுமார் 0.574. உங்கள் 84.7 கலையை அதனால் பெருக்கினால் 48.6. என்னுடையது 48.1. ஒரு சதவீத வித்தியாசம்! திருவோணத்தை வைத்து எடுத்தால் திருத்தமே தேவையில்லை என்று சொல்லலாம், அது 9 பாகைதான், கோசைன் 0.988.

இருள்வானம் | ஞாயிறு, இரவு 11.10

எல்லோரும் கோள், நிலா என்று பேசுகிறீர்கள், மங்கலான பொருள்களைத் தேடுபவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். இருட்டில் விரிந்த கண்பாவை 7 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 130 மி.மீ. ஆடி அதைப் போல (130 ÷ 7) வர்க்கம், சுமார் 345 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 1856-இல் நார்மன் போக்சன் வகுத்த அளவின்படி 5 பொலிவெண் (விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் எண், மங்கலானதற்குப் பெரிய எண்) வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு. 345-இன் மடக்கை 2.54, அதை 2.5-ஆல் பெருக்கினால் 6.3. வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும் வானத்தில் தொலைநோக்கியில் 12.3 வரை போகலாம். வெளிச்சம் நிறைந்த இடத்தில் வெறுங்கண்ணுக்கு 4 என்றால் 10.3.

இதில் சின்ன ஆடி மறைப்பதையும் கழிக்க வேண்டும். அது 40 மி.மீ. என்றால் பரப்பில் 9.5 சதவீதம் போகும். ஒவ்வொரு ஆடியும் 90 சதவீத ஒளியைத் திருப்பினால் இரண்டுக்குப் பிறகு 81. எல்லாம் சேர்த்து 73 சதவீதம்தான் கண்ணுக்கு வரும். கேட்கப் பெரிய நஷ்டமாகத் தெரியும், பொலிவெண்ணில் அது 0.3 தான்.

கற்றை 7 மி.மீ.க்கு மேல் போனால் கண்பாவைக்குள் நுழையாமல் வெளியே சிந்திவிடும், அதுதான் குறைந்தபட்ச உருப்பெருக்கத்தின் எல்லை: 130 ÷ 7, சுமார் 19 மடங்கு. வயது கூடக் கூடப் பலருக்குக் கண்பாவை 5 மி.மீ.க்கு மேல் விரிவதில்லை. என் கண்ணை நான் இருட்டில் அளந்து பார்த்தேன், ஐந்தரைதான். அதனால் 30 மி.மீ.க்கு மேற்பட்ட ஐபீஸ் எனக்கு வீண்.

இன்னொன்று. மங்கலான விண்மீன் தெரியவில்லை என்றால் உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். பின்னணி வானம் கருக்கும், விண்மீன் புள்ளியாகவே இருக்கும், சட்டென்று மேலெழுந்து வரும். 26 மடங்கில் காணாத விண்மீன்களை 130-இல் பலமுறை பார்த்திருக்கிறேன். நெப்டியூன் 7.8 பொலிவெண், எட்டும் தூரம்தான். ஆனால் அதன் வட்டு 2.3 விகலை, 130 மடங்கில் 5 கலை. விண்மீனிலிருந்து அதைப் பிரித்தறிய அமைதியான வானமும் பொறுமையும் வேண்டும்.

முதல்பார்வை | திங்கள், காலை 7.20

ஒரு சந்தேகம் ஐயா. சனியின் வளையத்தில் காசினி இடைவெளி 4,800 கி.மீ. அகலம் என்று படித்தேன். சனி 130 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும்போது 4,800-ஐ 130 கோடியால் வகுத்து 2,06,265-ஆல் (ஒரு ரேடியனில் உள்ள விகலைகள்) பெருக்கினால் 0.76 விகலை வருகிறது. என் ஆடியின் எல்லை 0.89. அப்படியானால் எனக்கு அது தெரியவே கூடாது. ஆனால் 130 மி.மீ. ஆடியில் பார்த்ததாகப் பலர் எழுதுகிறார்களே, அவர்கள் பார்த்தது என்ன?

ஆடிதேய்ப்பவர் | திங்கள், இரவு 8.15

அவர்கள் பார்த்தது காசினி இடைவெளியைத்தான். வளையங்கள் நன்றாகச் சாய்ந்திருக்கும் ஆண்டுகளில் நானே அதைவிடச் சிறிய ஆடியில் பார்த்திருக்கிறேன். டாஸ் சொன்ன எல்லை ஒரே அளவு பொலிவுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரிப்பதற்கு. நீண்ட கோடு என்பது வேறு விஷயம். தூரத்தில் போகும் மின்கம்பியைப் பாருங்கள். அதன் தடிமன் கண்ணின் எல்லையைவிடப் பல மடங்கு குறைவு, ஆனாலும் வானத்தை ஒட்டி ஒரு கோடாகத் தெரிகிறது. கோடு நீளமாக இருப்பதால் கண் அதன் நீளம் முழுவதிலும் இருந்து சேதி சேர்க்கிறது. அகலத்தை மட்டும் உள்ளதைவிடத் தடித்ததாகவும் மங்கியதாகவும் காட்டும்.

ராலே சொன்ன இன்னொரு எல்லையும் உண்டு, 138 ÷ விட்டம். அது ஒளியின் அலைநீளத்திலிருந்து வருவது, உங்களுக்கு 1.06 விகலை. டாஸின் எல்லை அனுபவத்தில் கண்டது என்பதால் கொஞ்சம் தாராளம். இரண்டுக்கும் சண்டை இல்லை. நடைமுறையில் பல இரவுகளில் காற்றின் கலக்கமே 2 விகலைக்கு வந்துவிடும், அன்றைக்கு ஆடி என்ன விட்டம் என்பதற்கே வேலை இல்லை.

இரட்டைவிண்மீன் | திங்கள், இரவு 9.00

இதைச் சோதிக்க லைரா மண்டலத்தில் எப்சிலான் லைரே நல்ல இடம். முதலில் 208 விகலை இடைவெளியில் இரண்டு விண்மீன் தெரியும், ஒவ்வொன்றும் மறுபடி ஒரு ஜோடி. அந்த உள்ஜோடிகளின் இடைவெளி சுமார் 2.3 விகலை. 65 மடங்கில் அது கண்ணுக்கு 150 விகலை, அதாவது இரண்டரை கலை. பிரிந்ததா பிரியவில்லையா என்று தயங்க வைக்கும். 130-இல் 5 கலை, நாலும் தனித்தனியாக நிற்கும். 130-இலும் பிரியாவிட்டால் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஆடிகளின் கோலிமேஷனை, அதாவது இரண்டு ஆடியும் ஒரே நேரில் அமைந்திருக்கின்றனவா என்பதை, பாருங்கள்.

நொடிமுள் | செவ்வாய், இரவு 8.40

முதல்பார்வை, நேரம் எடுக்கப் பழகிவிட்டீர்கள் என்றால் நிலாவின் பள்ளங்களையே அளக்கலாம். பள்ளத்தின் மேற்கு விளிம்பு பார்வை வட்டத்தின் ஓரத்தைத் தொடும் நொடியும், கிழக்கு விளிம்பு தொடும் நொடியும் போதும். நிலா தானும் கிழக்கே நகர்வதால் நொடிக்கு 15 இல்லை, சுமார் 14.5 விகலை என்று வையுங்கள். கோசைன் திருத்தத்தை மறக்க வேண்டாம். கோப்பர்நிக்கஸ் பள்ளத்தில் தொடங்குங்கள், விளிம்பு தெளிவாக இருக்கும். வளர்பிறை நவமி வாக்கில் ஒளியும் நிழலும் நன்றாக விழும்.

முதல்பார்வை | அடுத்த வாரம் வியாழன், இரவு 11.45

அண்ணா, செய்துவிட்டேன். 4 மி.மீ. ஐபீஸை பார்லோ இல்லாமல் போட்டேன், 162 மடங்கு, கற்றை 0.8 மி.மீ. கோப்பர்நிக்கஸின் உள்சுவர் படிப்படியாக இறங்குவதும் நடுவில் மலைகள் நிற்பதும் தெரிந்தன. விளிம்பு ஓரத்தைத் தொடும் நொடியில் பொத்தானை அழுத்துவதற்குள் கை பதறுகிறது. பத்து முறை எடுத்தேன். 3.1 முதல் 3.8 நொடி வரை வந்தது, சராசரி 3.4. இங்கே தவறு இரண்டு பக்கமும் போகும் என்பதால் சராசரி எடுத்தேன், சரிதானே?

நிலா அப்போது கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது. டெக்ளினேஷன் 18 பாகை, கோசைன் 0.951. செயலி காட்டிய தூரம் 3,72,000 கி.மீ. 3.4 × 14.5 × 0.951 = 46.9 விகலை. அதை 3,72,000-ஆல் பெருக்கி 2,06,265-ஆல் வகுத்தால் 84.6 கி.மீ. பள்ளம் நிலா முகத்தின் நடுவிலிருந்து 20 பாகை மேற்கே இருப்பதால் பக்கவாட்டில் குறுகித் தெரியும் என்று தோன்றியது, கோசைன் 20-ஆல், அதாவது 0.94-ஆல் வகுத்தேன். 90 கி.மீ. வந்தது. புத்தகத்தில் 93. முற்றத்தில் நின்றபடி நிலாவில் இருக்கும் ஒரு பள்ளத்தை அளந்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன்.

ஆடிதேய்ப்பவர் | வெள்ளி, காலை 6.20

அருமை. குறுகலுக்குத் திருத்தம் போட வேண்டும் என்று யாரும் சொல்லாமலேயே தோன்றியதே, அதைப் படித்துவிட்டு மறுபடியும் ஒருமுறை படித்தேன். சராசரி எடுத்ததும் சரி.

ஒன்று மட்டும். செயலி காட்டும் தூரம் பூமியின் மையத்திலிருந்து. நிலா உச்சியில் இருக்கும்போது நீங்கள் மையத்தைவிட சுமார் 6,400 கி.மீ. அருகில் நிற்கிறீர்கள். 3,66,000 என்று போட்டுப் பாருங்கள். 88.5 வரும்.

நொடிமுள் | வெள்ளி, இரவு 9.10

ஐயா, அப்படியானால் என் 14.5-ஐயும் திருத்த வேண்டும். நிலா நொடிக்கு ஒரு கி.மீ.க்குச் சற்று மேல் கிழக்கே போகிறது. பூமியின் சுழற்சியில் நாமும் கிழக்கே போகிறோம், நிலநடுக்கோட்டில் நொடிக்கு 0.46 கி.மீ. நிலா உச்சியில் இருக்கும்போது நாம் அதைத் துரத்துவதால் அது விண்மீன்களுக்கிடையே நகரும் வேகம் நமக்குக் குறைவாகத் தெரியும். நடுக்கோட்டுக்கு அருகே என்று வைத்துப் போட்டேன், நொடிக்கு 14.7 விகலை வருகிறது. 3.4 × 14.7 × 0.951 = 47.5. தூரம் 3,66,000. 84.3 கி.மீ., குறுகலைச் சரிசெய்தால் 89.7.

இரண்டு திருத்தமும் ஒன்றையொன்று அடித்துவிட்டன, மறுபடி 90-க்கே வந்துவிட்டோம். பாக்கி 3 கி.மீ. கையில் இருக்கும் பொத்தானில்தான், 0.1 நொடி தவறினாலே 3 சதவீதம். பெரிய பள்ளம் எடுத்தால் இது குறையும். கிளேவியஸ் 231 கி.மீ., 8 நொடிக்கு மேல் ஆகும். தெற்கே இருப்பதால் மேல்கீழாகத்தான் நசுங்கித் தெரியும், நாம் அளக்கும் கிழக்கு மேற்கில் பெரிய பாதிப்பு இல்லை.

முதல்பார்வை | வெள்ளி, இரவு 9.25

கிளேவியஸ் இன்றைக்கும் வெளிச்சத்தில் இருக்கிறது, மேகமும் இல்லை. இப்போதே வெளியே போகிறேன். இந்த முறை இருபது தடவை எடுக்கிறேன்.